பென்சில் அக்கா பதில்கள்: சின்னத் தடத்துச் சனிக்கிழமைகள்

சென்ற இதழில் அமெரிக்க ஷார்ட் டிராக் கார்ப் பந்தயத்தைப் பற்றிப் போகிற போக்கில் நாலு வரி எழுதினேன். டிக் டிரிக்கிள் என்ற ஓட்டுநர் ஆயிரம் பந்தயங்களுக்கு மேல் வென்றவர் என்பது அதில் ஒரு வரி. அதற்கு வந்த கடிதங்களைப் பார்த்த ஆசிரியர், எஞ்சின் எண்ணெய், பேட்டரி சந்தேகங்களை எல்லாம் ஒதுக்கிவைத்துவிட்டு இந்த முறை முழுப் பக்கத்தையும் இதற்கே தந்துவிட்டார். பேட்டரி கேட்டவர்கள் ஒரு மாதம் பொறுத்துக்கொள்ளவும்.

எஸ்.பி., கிள்ளான்: செப்பாங்கில் ஃபார்முலா 1 பார்த்து வளர்ந்தவன் நான். ஒரு சின்ன வளையத்துக்குள் இடப்பக்கமே திரும்பிக்கொண்டிருப்பதில் என்ன திறமை இருக்கிறது, அக்கா?

திறமை இருக்கட்டும் தம்பி, முதலில் அளவைப் பாருங்கள். செப்பாங்கின் ஒரு சுற்று 5.543 கிலோமீட்டர், வளைவுகள் பதினைந்து. முன்னால் போகிறவரை இந்த வளைவில் பிடிக்க முடியாவிட்டால் அடுத்த வளைவு காத்திருக்கிறது. வர்ஜீனியா மாநிலத்தில் 1947-ல் தொடங்கிய மார்டின்ஸ்வில் தடத்தின் ஒரு சுற்று 0.526 மைல். நம் கணக்கில் 850 மீட்டர்கூட இல்லை. டென்னசி மாநிலத்து பிரிஸ்டல் 0.533 மைல். ஒரு மைலுக்குக் குறைந்த தடங்களைத்தான் ஷார்ட் டிராக் என்கிறார்கள். அதற்குள் முப்பது கார்களுக்கு மேல் ஒரே நேரத்தில் விட்டால் என்ன ஆகும்? முதலில் போகிறவர் சிறிது நேரத்திலேயே கடைசிக் காரின் வாலைப் பிடித்துவிடுவார். அதற்குப் பிறகு யார் முன்னால், யார் பின்னால் என்பதே குழம்பிவிடும். கதவோடு கதவு உரசிக்கொண்டு வருகிறவர் உங்கள் இடத்துக்குப் போட்டியிடுபவரா, இரண்டு சுற்றுப் பின்தங்கியவரா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.

இடப்பக்கமே திரும்புவது எளிது என்று நினைக்கிறீர்கள். அந்தக் கார் நேராகப் போகவே விரும்பாது. வலப்பக்கப் பின் டயரின் சுற்றளவு இடப்பக்க டயரைவிடச் சற்றுப் பெரிதாக வைத்திருப்பார்கள். இரண்டு சக்கரங்களும் ஒரே அச்சில் சேர்ந்து சுழலும்போது பெரிய சக்கரம் அதிக தூரம் உருளும். வண்டி தானாகவே இடப்பக்கம் வளையும். வாய் அகன்ற எவர்சில்வர் டம்ளரைப் படுக்கப் போட்டுத் தரையில் உருட்டிப் பாருங்கள், புரியும். எடையையும் இடப்பக்கமே கூட்டி வைப்பார்கள். ஆகவே நேர்ச்சாலையில் ஸ்டியரிங்கைக் கொஞ்சம் வலப்பக்கம் பிடித்துக்கொண்டே ஓட வேண்டும்.

அதோடு முடிந்ததா? ஓட ஓட டயர் சூடாகும், உள்ளே காற்றின் அழுத்தம் ஏறும், டயரின் சுற்றளவும் மாறும். ஆரம்பத்தில் சொன்ன பேச்சைக் கேட்ட கார் பிற்பாதியில் முன்பக்கம் திரும்ப மறுக்கும், அல்லது பின்பக்கம் வெளியே ஓடும். ஆகவே புறப்படும்போதே கடைசிச் சுற்றை மனத்தில் வைத்துக் காற்று அடிக்க வேண்டும். டயரைச் சுற்றி அளவு நாடாவைப் பிடித்துக்கொண்டு குனிந்து நிற்கும் ஆட்களைத் தொலைக்காட்சி காட்டுவதில்லை. பாதிப் பந்தயம் அங்கேதான் நடக்கிறது.

ஒரு வாசகர், ஈப்போ: டிக் டிரிக்கிள் ஆயிரத்துக்கு மேல் என்றீர்கள். சரியான எண் என்ன?

சரியான எண் யாரிடமும் இல்லை. 1,200 என்று எழுதுகிறவர்களும் உண்டு. ஊர் ஊராக நடக்கும் சின்னப் பந்தயங்களுக்கு யார் பேரேடு வைத்தார்கள்? உள்ளூர்ப் பத்திரிகையின் திங்கட்கிழமை இதழில் ஒரு மூலையில் முடிவு வரும். மறுநாள் அந்தத் தாளில் மீன் மடிப்பார்கள். அவருடைய வெற்றிகள் அப்படித்தான் போயிருக்கும்.

டிரிக்கிள் 1941-ல் பிறந்தவர். ஊர் விஸ்கான்சின் ராப்பிட்ஸ். எட்டு வயதில், கட்டிக்கொண்டிருந்த ஒரு வீட்டின் மேலிருந்து விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டார். அதன்பின் வாழ்நாள் முழுவதும் இலேசாகச் சாய்ந்தே நடந்தார். விஸ்கான்சினில் ஒரு வசதி உண்டு. ஒரு தடத்தில் வியாழன் இரவு, இன்னொன்றில் வெள்ளி, மற்றொன்றில் சனி என்று பந்தயம் பிரிந்து நடக்கும். காரை லாரியில் ஏற்றிக்கொண்டு கிளம்பினால் கோடைக்காலத்தில் ஒரே வாரத்தில் நாலைந்து பந்தயம் ஓடிவிடலாம். 1972-ல் மட்டும் அவர் 67 பந்தயங்களை வென்றார். நம் ஊரில் ஒருவர் வாழ்நாள் முழுவதும் ஓடினாலும் 67 பந்தயங்கள் கிடைக்குமா என்று யோசித்துப் பாருங்கள்.

இதில் எனக்குக் கோபம் வரும் இடம் ஒன்று உண்டு. 1989-ல், காயம்பட்ட வேறோர் ஓட்டுநரின் இடத்தில் டிரிக்கிளை உட்காரவைத்தபோதுதான் அமெரிக்கக் கார்ப் பந்தயங்களை நடத்தும் பெரிய அமைப்பான நாஸ்காரின் முதன்மைத் தொடரில் அவருக்கு ஒரு முழு ஆண்டு கிடைத்தது. ஆண்டு முடிவில் சிறந்த புதுமுக ஓட்டுநர் என்ற விருதையும் கொடுத்தார்கள். அப்போது அவருக்கு வயது 48! இந்தச் சின்னப் பையனுக்கு வாய்ப்புக் கொடுத்தவர்களுக்கு நன்றி என்று மேடையில் அவரே சிரித்துவிட்டுப் போனார். அந்தத் தொடரில் 303 பந்தயங்கள் ஓடியும் புள்ளிகளுக்கான வெற்றி ஒன்றுகூட இல்லை. அமெரிக்கத் தொலைக்காட்சியில் விளையாட்டுச் செய்தி வாசித்தவர்கள், பெயர் வேடிக்கையாக இருக்கிறது என்பதற்காகவே அவர் எத்தனையாவதாக வந்தார் என்று தவறாமல் சொல்லிச் சிரிப்பார்கள். விஸ்கான்சினில் அந்த மனிதர் முன்வரிசையில் வந்து நின்றாலே மற்றவர்கள் இரண்டாம் பரிசைப் பற்றி யோசிக்கத் தொடங்கிவிடுவார்கள். அவரை ‘வெற்றி பெறாதவர்’ என்று எழுதுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பென்சிலை முறித்துப் போடத் தோன்றும்.

தடத்தில் ஆபத்து என்று மஞ்சள் கொடி காட்டி வண்டிகள் மெதுவாக உருளும்போது காருக்குள்ளேயே சிகரெட் பற்றவைப்பாராம். இதைப் பின்பற்ற வேண்டாம். 2013-ல், 71 வயதில் காலமானார்.

ஆர்.டி., சிலாயாங்: இது பிழைப்பா, பொழுதுபோக்கா? மாதச் சம்பளம் உண்டா?

சம்பளமா! பெரும்பாலோருக்குப் பகலில் வேறு வேலை. பட்டறை, பண்ணை, லாரி, கட்டுமானம். ஞாயிற்றுக்கிழமை காலை, முந்தின இரவு நெளிந்த தகட்டைத் தட்டி நிமிர்த்துவார்கள். திங்கள் முதல் வெள்ளி வரை வேலை முடிந்து வந்து, சாப்பிட்டு, கராஜில் விளக்கைப் போடுவார்கள். மாமன், மச்சான், பக்கத்து வீட்டுக்காரர் எல்லாரும் கூலியில்லாத மெக்கானிக்குகள். சனிக்கிழமை இரவு பந்தயம். கிடைக்கும் பரிசுப் பணம் டயருக்கே போதாத இரவுகள்தாம் மிகுதி. செந்தூலில் என் வீட்டுக்காரர் நடத்திய பட்டறைக்கு நான்தான் கணக்கு எழுதினேன். ஆகவே பந்தயக்காரர் என்றவுடன் எனக்கு முதலில் கோப்பை தோன்றாது, டயர் கடை பாக்கிதான் தோன்றும்.

அதையே முழுநேரப் பிழைப்பாக்கிக் காட்டியவர்களும் உண்டு. நியூயார்க் மாநிலத்தில் ரோம் என்று ஒரு சிற்றூர். அங்கே ரிச்சி எவன்ஸ், ஜெரி குக் என்று இரண்டு பேர். கூரையைத் தாழ்த்தி, அகலமான சக்கரங்களை வெளியே தள்ளிவைத்த ‘மாடிஃபைட்’ வகைக் கார்கள்தாம் இருவருக்கும் களம். குக் ஆறு முறை தேசியப் பட்டம் வென்றார், எவன்ஸ் ஒன்பது முறை. 1971 முதல் 1985 வரை பதினைந்து ஆண்டுகள் பட்டம் அந்த ஒரே ஊரைவிட்டு வெளியே போகவில்லை! மளிகைக் கடையில் எதிரெதிரே பார்த்துக்கொண்டால் என்ன பேசியிருப்பார்கள் என்பதுதான் எனக்கு ஆவல்.

எவன்ஸின் கார் ஆரஞ்சு நிறம், எண் 61. 1985 அக்டோபரில், அந்த ஆண்டின் பட்டத்தை உறுதிசெய்துவிட்ட பிறகு, மார்டின்ஸ்வில்லில் பயிற்சி ஓட்டத்தின்போது சுவரில் மோதி இறந்தார். மாடிஃபைட் தொடரில் 61 என்ற எண்ணை அதற்குப் பிறகு யாருக்கும் கொடுப்பதில்லை.

ஒரு வாசகி, பிரிக்ஃபீல்ட்ஸ்: உங்களுக்கு ஏன் ‘பென்சில் அக்கா’ என்று பெயர்? லேப் சார்ட் என்று அடிக்கடி எழுதுகிறீர்களே, அது என்ன?

ஷா ஆலமில் 1968-ல் திறந்த பத்து தீகா பந்தயத் தடத்தை இளையவர்கள் பார்த்திருக்கமாட்டீர்கள். இன்று அங்கே குடியிருப்புகள். கணினி வராத அந்தக் காலத்தில் எந்தக் கார் எத்தனையாவது சுற்றில் இருக்கிறது என்பதைக் கையால்தான் எழுதினோம். மேசை அகலத்துக்கு ஒரு தாள். மேலே சுற்று எண்கள். ஒவ்வொன்றின் கீழும் கார்கள் கோட்டைக் கடந்த வரிசையில் அவற்றின் எண்கள். இதுதான் லேப் சார்ட். ஒருவர் கண், ஒருவர் கை. என் பக்கத்தில் நின்ற மலாய்க்கார அண்ணன் தடத்திலிருந்து பார்வையை எடுக்காமல் “துஜோ, துவா புலு துவா, அம்பாட்” என்று சொல்லிக்கொண்டே போவார். நான் தாளிலிருந்து தலையைத் தூக்காமல் 7, 22, 4 என்று எழுதிக்கொண்டே போவேன். பந்தயம் முழுவதும் என் காதில்தான் நடக்கும். ஒரு சுற்று பின்தங்கிய காரின் எண்ணைச் சுற்றி வட்டம் போட வேண்டும். ஷா ஆலமின் பிற்பகல் மழை உங்களுக்குத் தெரியும். பேனாவால் எழுதினால் மை பரவிவிடும். ஆகவே பென்சில். பெயரும் அப்படியே ஒட்டிக்கொண்டது.

பத்து தீகாவில் ஒரு சுற்றுக்கு ஒன்றரை நிமிடத்துக்கு மேல் ஆகும். கூட்டம் கடந்துவிட்டால் ஒரு மிடறு தேநீர் குடிக்கலாம். வட கரோலினாவில் வேலை பார்த்த என் தம்பி, நான் போயிருந்தபோது வின்ஸ்டன்-சேலம் நகரில் பௌமன் கிரே அரங்கத்துக்கு அழைத்துப் போனான். அமெரிக்கக் கால்பந்து மைதானத்தைச் சுற்றிப் போட்ட கால் மைல் தார்த்தடம். 1949 முதல் அங்கே நாஸ்கார் பந்தயம் நடக்கிறது. ‘பைத்தியக்கார விடுதி’ என்பது அதற்குச் செல்லப் பெயர். பழக்க தோஷம், கைப்பையிலிருந்து தாளை எடுத்தேன். தம்பி எண்களைச் சொன்னான், நான் எழுதினேன். ஒரு சுற்றுக்குப் பதின்மூன்று, பதினான்கு விநாடி. இருபதுக்கு மேற்பட்ட கார்கள். கடைசிக் காரை எழுதி முடிக்கும்முன் முதல் கார் திரும்பவும் எதிரே வந்து நிற்கிறது. பென்சிலைத் தூக்க நேரமில்லை. தம்பிக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. பக்கத்திலிருந்த ஒரு பெரியவர் எங்களைப் பார்த்துச் சிரித்துவிட்டு, வேர்க்கடலைப் பொட்டலத்தை நீட்டினார்.

நாஸ்காரில் இதற்கு வேறு ஏற்பாடு இருந்தது. 1990களின் தொடக்கம் வரை ஒவ்வொரு காருக்கும் தனியாக ஓர் எழுத்தர். தன் கார் கோட்டைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் பெரிய கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் குறிக்க வேண்டும். அந்த எழுத்தர் பெரும்பாலும் ஓட்டுநரின் மனைவி, அல்லது குழுவில் உள்ளவரின் மனைவி. கணவர் சுவரில் மோதினாலும் எழுந்து ஓடக் கூடாது. கை எழுதிக்கொண்டிருக்க வேண்டும்.

கே.வி., பட்டர்வொர்த்: கையால் எழுதினால் தவறு நேராதா? தோற்றவருக்குப் பரிசு போனதுண்டா?

போனதுண்டு. அந்தக் கதையைச் சொல்லத்தான் இத்தனை நேரம் காத்திருந்தேன்.

வெண்டல் ஸ்காட், வர்ஜீனியாவின் டான்வில் ஊர்க்காரர். கறுப்பினத்தவர். டாக்சி ஓட்டினார், பட்டறை வைத்திருந்தார், திருட்டுச் சாராயம் ஏற்றிக்கொண்டு போலீசுக்குத் தப்பியும் ஓட்டினார். 1952-ல் உள்ளூர்த் தடத்தில் பந்தயத்துக்கு இறங்கினார். பிள்ளைகள்தாம் மெக்கானிக்குகள். மற்றவர்கள் கழித்துப் போட்ட பாகங்களை வாங்கிக் காரைக் கட்டுவார். 1959-ல் ரிச்மண்டில் ஒரு தடத்தின் பட்டத்தையே வென்றார். இரவில் தங்க விடுதி தராத ஊர்கள், வேண்டுமென்றே இடித்துச் சுவரில் தள்ளியவர்கள், இதெல்லாம் அவருக்கு வாராவாரம் நடந்தது.

1963 டிசம்பர் 1. ஃபுளோரிடாவின் ஜாக்சன்வில்லில் அரை மைல் மண் தடம். 200 சுற்றுகள். கடைசி 25 சுற்றுகள் இருக்கும்போது ரிச்சர்ட் பெட்டி என்ற புகழ்பெற்ற ஓட்டுநரை முந்தி ஸ்காட் முன்னணிக்கு வந்தார். 200 சுற்றையும் முடித்தார். பந்தயம் முடிந்தது என்று காட்டும் கட்டக் கொடி அசையவில்லை. ஒன்றும் புரியாமல் மேலும் சுற்றினார். பிறகு கொடி காட்டியது பக் பேக்கர் என்ற வெள்ளைக்காரருக்கு! உண்மையில் அவர் ஸ்காட்டுக்கு இரண்டு சுற்றுப் பின்னால். ஸ்காட் முறையிட்டார். தாள்களை மறுபடி எண்ணினார்கள். வெற்றி ஸ்காட்டுக்குத்தான் என்று சொல்ல ஏறக்குறைய இரண்டு மணி நேரமானது. அதற்குள் கூட்டம் கலைந்துவிட்டது. கோப்பையும் பேக்கரோடு போய்விட்டது.

கணக்கில் பிழை என்று அதிகாரிகள் சொன்னார்கள். ஒரு சுற்றுப் பிழை என்றால் நானும் நம்புவேன். கண் இமைக்கும் நேரத்தில் ஒரு கார் தவறிப்போகும். வென்றவரையே இரண்டு சுற்று விட்டுவிட்டது எந்தப் பென்சில்? பரிசு மேடையில் கோப்பை தரும் வெள்ளைக்காரப் பெண் வென்றவரை முத்தமிடுவது அங்கே வழக்கம். அந்தக் காட்சி ஊரார் முன் நடக்கக் கூடாது என்றே இப்படிச் செய்தார்கள் என்று ஸ்காட் கருதினார். நான் அவர் பக்கம்.

பரிசுப் பணம் வந்தது. பின்னர் ஒப்புக்கு ஒரு மரத்துண்டுக் கோப்பையும் கொடுத்தார்கள். நாஸ்காரின் முதன்மைத் தொடரில் ஸ்காட் 495 பந்தயங்கள் ஓடினார். வென்றது அந்த ஒன்றுதான். 1990-ல் இறந்தார். 2015-ல் நாஸ்கார் புகழ் மண்டபத்தில் அவர் பெயரைச் சேர்த்தார்கள். ஜாக்சன்வில் வெற்றிக்கான கோப்பையை முறைப்படி குடும்பத்தின் கையில் கொடுத்தது 2021-ல்.

பி.எஸ்., ஜெலுத்தோங், பினாங்கு: தமிழர் யாராவது ஷார்ட் டிராக்கில் ஓடியிருக்கிறார்களா?

கோயம்புத்தூர்க்காரர் நரேன் கார்த்திகேயன். 2005-ல் ஃபார்முலா 1-ல் ஓடிய முதல் இந்தியர் என்று எல்லாருக்கும் தெரியும். 2010-ல் அவர் நாஸ்காரின் பிக்கப் லாரித் தொடருக்குப் போனதைப் பலர் கவனிக்கவில்லை. முதல் பந்தயமே மார்டின்ஸ்வில். இடித்துத் தள்ளுவது குற்றமாகக் கருதப்படும் ஃபார்முலா கார்களிலிருந்து, இடிப்பதை வணக்கம் சொல்வதாக எடுத்துக்கொள்ளும் இடத்துக்கு ஒருவர் போகிறார். பதின்மூன்றாவதாக முடித்தார். எனக்கு அது பெரிய மதிப்பெண். அந்த ஆண்டு அத்தொடரின் மிகவும் விரும்பப்பட்ட ஓட்டுநர் என்ற தேர்தலிலும் வென்றார். எத்தனை வாக்குகள் கோவையிலிருந்து போயினவோ!

மார்டின்ஸ்வில்லில் வெல்பவருக்குக் கோப்பை கிடையாது, தெரியுமா? ஆளுயரக் கடிகாரம் தருகிறார்கள். 1964 முதல் இதுதான் வழக்கம்.

ஒரு மாணவி, புக்கிட் மெர்தாஜாம்: பெண்கள்?

ஷானா ராபின்சன், 1988, வட கரோலினாவின் ஆஷ்வில் தடம். தடம் தடமாகச் சென்று நடக்கும் நாஸ்கார் தொடர் ஒன்றில் பந்தயம் வென்ற முதல் பெண். அதற்கு முன்பே 1977-ல் ஜேனட் கத்ரி பிரிஸ்டலில் ஆண்களோடு ஓடி ஆறாவதாக வந்தார். அவர் இயற்பியல் படித்தவர். நீ கணக்குப் பாடத்தை விட்டுவிடாதே, கியர் விகிதத்துக்கும் அதுதான் வேண்டும்.

எம்.ஆர்., கெப்போங்: அக்கா, நீங்கள் ஓட்டுவீர்களா?

பழைய புரோட்டோன் சாகா ஒன்று இருக்கிறது. சாலை வட்டத்தில் நான் நன்றாகவே திரும்புவேன். பேரன் மட்டும் கண்ணை மூடிக்கொள்கிறான்.

பெயர் வெளியிட விரும்பாத தாய், ரவாங்: என் மகனுக்குப் பதினேழு வயது. ரேசர் ஆக வேண்டும் என்கிறான். சனிக்கிழமை இரவு மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனால் விடியற்காலைதான் வருகிறான். அடித்தும் பார்த்தோம், கெஞ்சியும் பார்த்தோம்.

அம்மா, முதலில் ஒன்று. அவன் ஓடுவது பந்தயம் அல்ல. பந்தயம் என்றால் ஒரு பக்கம் ஆம்புலன்ஸ், ஒரு பக்கம் கொடிக்காரர், எதிரே யாரும் வராத சாலை, முடிவை எழுத ஒருவர். நெடுஞ்சாலையில் இந்த நாலில் எதுவும் கிடையாது. எதிரே காய்கறி ஏற்றிவரும் லாரி மட்டும் உண்டு. அடிப்பதால் இது நிற்காது. அடுத்த வாரம் இன்னும் தூரமாகப் போவான்.

அவனை உட்காரவைத்துக் கணக்குப் போடச் சொல்லுங்கள். கார்ட் என்ற சின்னத் திறந்த பந்தய வண்டியை ஓட்டக் கட்டணம் எவ்வளவு, டயர் எவ்வளவு, தலைக்கவசம் எவ்வளவு, ஒரு முறை மோதினால் பழுதுபார்க்க எவ்வளவு என்று அவனே விசாரித்து எழுதிக்கொண்டு வரட்டும். உண்மையான ஆசை இருப்பவன் தாளோடு திரும்புவான். இல்லாதவன் இரண்டு நாளில் பேச்சை மாற்றுவான். தாளோடு வந்தால் செப்பாங் வளாகத்திலுள்ள கார்ட் தடத்துக்கு ஒரு நாள் அழைத்துப் போங்கள். நம் நாட்டில் சின்ன வட்டத் தடம் இல்லாததால் பிள்ளைகள் தொடங்கும் இடம் கார்ட்தான். கோலாலம்பூரில் ஏதாவது ஒரு பட்டறையில் மாலை நேர வேலையும் தேடிக்கொடுங்கள். போல்ட்டை எவ்வளவு இறுக்க வேண்டும் என்று கை அறிந்தபின், வேகத்தைப் பற்றிய பேச்சில் ஒரு நிதானம் வரும். பட்டறைக்கு வந்த பையன்கள் பலரிடம் இதைப் பார்த்திருக்கிறேன். நம் கரம்ஜித் சிங் 2002-ல் புரோட்டோன் காரில் உலக ரேலியின் தயாரிப்புக் கார் பிரிவில் பட்டம் வென்ற கதையையும் அவனுக்குச் சொல்லுங்கள்.

போட்டி உரிமம் தருவது மலேசிய மோட்டார் விளையாட்டுச் சங்கம். வயது, கட்டணம், மருத்துவச் சான்று ஆகியவற்றை அங்கேயே நேரில் கேட்டுக்கொள்ளுங்கள். போகும்போது பையனையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவன் மோட்டார் சைக்கிளில் வேண்டாம், ரயிலில்.